துடைத்துக் கொடுத்த தம்பியை மறைக்க வேண்டாம்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். கணவர் கோவில் குருக்கள். நான் வீட்டில் முறுக்கு, அதிரசம் சுட்டு விற்கிறேன். அந்தக் காசு என் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது. ஆடிக் கஞ்சிக்குச் சாமான் வாங்க ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாலில் இருக்கும் ஏடிஎம்முக்குப் போனேன். பின் நம்பர் அடித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்ற தம்பி ஒருவன், "ஆன்ட்டி, மெஷின் ஸ்டக் ஆயிட்டுது, கான்சலை அமத்துங்கோ" என்ற மாதிரி இங்கிலீஷில் சொன்னான். கார்டு வெளியே வந்ததும் சிப்பில் எண்ணெய் இருக்கிறதென்று வாங்கித் தன் சட்டையில் துடைத்துத் தந்தான். பிறகும் மெஷின் எடுக்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று இரவு 11:52க்கு 5,000 ரேண்ட், 12:04க்கு இன்னொரு 5,000 எடுத்திருக்கிறார்கள். ஞாயிறு காலை 8:05க்கு ஒரு கடையில் 3,450. பூசை முடிந்து போனைப் பார்த்த பிறகுதான் எஸ்எம்எஸ் கண்டேன். 8:40க்கு வங்கிக்கு அடித்துக் கார்டை நிறுத்தச் சொன்னேன். ஆனாலும் 9:15க்கு 3,200 போயிருக்கிறது. அதில் 2,750 நான் ஒருநாளும் தொடாத ஓவர்டிராஃப்ட் காசு, அதாவது கணக்கில் காசு தீர்ந்த பிறகு வங்கி கடனாகத் தருவது. அதற்கு இப்போது வட்டியும் கேட்கிறார்கள். "சரியான பின் நம்பர் பயன்பட்டுள்ளது, வங்கி பொறுப்பல்ல" என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. கார்டு இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. இது ஸ்கிம்மிங் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். சத்தியக் கடதாசி எழுதும்போது அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நல்லது என்கிறார் கணவர். என்ன செய்வது?

— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இதை வாசித்து முடிக்கும் முன்பே எழுந்து போய் பர்ஸிலிருந்து அந்தக் கார்டை எடுங்கள். அதிலுள்ள கடைசி நான்கு இலக்கங்களையும் பழைய ஏடிஎம் துண்டுச் சீட்டில் அல்லது வங்கி அறிக்கையில் உள்ள நான்கு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் அச்சிட்டிருந்தால் அதையும் பாருங்கள். ஒரே வங்கியின் கார்டுகள் ஒரே நிறம், ஒரே படம். இரண்டு விநாடி கைமாறினால் யாருக்கும் தெரியாது.

என் ஊகம், அது உங்கள் கார்டு இல்லை. கான்சலை அமத்தச் சொன்னது, துடைத்துக் கொடுத்தது, அதன் பிறகு மெஷின் கார்டையே ஏற்காமல் போனது: மூன்றையும் சேர்த்து வாசித்தால் இது கார்டு மாற்றும் வேலை. நீங்கள் பின் நம்பர் அடித்ததைத் தோளுக்கு மேலாகப் பார்த்தான். உங்கள் கார்டைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இதற்கு முன் இன்னொருவரிடம் பறித்த செத்த கார்டு ஒன்றை உங்களிடம் தந்தான். அப்படியானால் உங்கள் பர்ஸில் இருப்பது இன்னொரு ஆன்ட்டியின் கார்டு. அதை வெட்டிப் போடாதீர்கள், எந்த மெஷினிலும் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு கடித உறையில் வைத்து, திகதி எழுதி மூடிவிடுங்கள். அது உங்கள் வழக்கின் முதல் சாட்சி.

ஸ்கிம்மிங் வேறு. அதில் கார்டு உங்களை விட்டுப் போவதில்லை. கார்டின் பின்புறமுள்ள கறுப்புக் காந்தப் பட்டையில் இருக்கும் தகவலை ஏடிஎம் வாயில் ஒட்டிய கருவியாலோ கைக்குள் அடங்கும் சின்ன மெஷினாலோ நகலெடுத்து, வெற்றுக் கார்டில் ஏற்றிக்கொள்வார்கள். பட்டையில் இருப்பது என்றும் மாறாத தகவல், அதனால் நகல் வேலை செய்யும். சிப் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குறியீட்டை உண்டாக்கி வங்கிக்கு அனுப்புகிறது. பட்டையை நகலெடுத்தவன் கையில் அந்தச் சிப் இருக்காது. ஆகவே வங்கியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அந்த நான்கு பரிவர்த்தனைகளிலும் கார்டை மெஷின் சிப்பால் வாசித்ததா, காந்தப் பட்டையால் வாசித்ததா? இது வங்கியின் கணினியில் ஒவ்வொரு பரிவர்த்தனையோடும் பதிவாகி இருக்கும். பட்டை என்று வந்தால், சிப் உள்ள கார்டுக்கு வங்கி ஏன் பட்டையை ஏற்றது என்று நாம் கேட்கலாம். வங்கியின் இரண்டு வரிக் கடிதம் அங்கேயே ஆட்டம் காணும். சிப் என்று வந்தால் அசல் கார்டே பயன்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டாரின் ஸ்கிம்மிங் கதை அத்தோடு முடிந்தது.

இப்போது கணவரின் யோசனைக்கு வருகிறேன். குருக்கள் ஐயா கோபிக்கக் கூடாது, அது உங்கள் வழக்கைக் கொல்லும் யோசனை. ஏடிஎம்மைப் பார்த்தபடி கேமரா இருக்கிறது. தம்பியை நீங்கள் எழுதாமல் விட்டால், கேமரா காட்டும் அன்று உங்கள் 8:40 அழைப்பைப் பற்றிச் சொன்னதையும் நம்ப மாட்டார்கள். சத்தியம் செய்து தெரிந்தே பொய் எழுதுவது இந்நாட்டில் குற்றம் என்பதும் இருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இது: தம்பி இல்லாவிட்டால் உங்கள் பின் நம்பர் எப்படி வெளியே போனது என்பதற்கு உங்களிடம் விடையே இல்லை. பேப்பரில் எழுதி பர்ஸில் வைத்திருந்தீர்கள் என்றோ வீட்டில் யாருக்கோ சொன்னீர்கள் என்றோ வங்கி சொல்லும். தம்பி இருந்தால், நீங்கள் நம்பரை யாருக்கும் கொடுக்கவில்லை, ஏமாற்றிப் பறித்தார்கள் என்று ஆகிறது. நீங்கள் வெட்கப்பட்டு மறைக்க நினைக்கும் ஆள்தான் உங்களுக்குத் துணை.

ஆனாலும் பொய்யான நம்பிக்கை தர மாட்டேன். பின் நம்பர் பாவித்து நடந்த எல்லாவற்றுக்கும் கார்டுக்காரரே பொறுப்பு என்ற வரி பெரும்பாலான வங்கி ஒப்பந்தங்களில் இருக்கிறது. அதைப் பற்றிய பெயர்பெற்ற வழக்கு நம் டர்பன் நீதிமன்றத்திலேயே நடந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் லண்டன் ஏடிஎம்களில் டைனர்ஸ் கிளப் என்ற நிறுவனத்தின் கடன் கார்டு ஒன்றால் 190 முறை பணம் எடுக்கப்பட்டது. நாங்கள் எடுக்கவில்லை என்றார் கார்டுக்காரர். பின் நம்பரைக் காக்கும் முறையிலேயே ஓட்டை இருக்கிறது என்று கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் அவர் பக்கம் நின்றார்கள். 2004இல் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சார்பாகவே வந்தது. ஒப்பந்தத்தின் அந்த வரி பொதுநலனுக்கு விரோதமில்லை என்றது நீதிமன்றம். வங்கியின் வக்கீல்கள் இதை எடுத்து நீட்டுவார்கள், எதிர்பார்த்திருங்கள்.

அதனால்தான் 16,650 ரேண்டை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள் என்கிறேன். அதை மூன்றாகப் பிரியுங்கள்.

கடைசி 3,200தான் உங்கள் பலம். 8:40க்கு நிறுத்தச் சொன்னீர்கள், 9:15க்குக் காசு போயிருக்கிறது. அதில் ஓவர்டிராஃப்டாகப் போன 2,750, 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டத்துக்குள் வருகிறது. அதன் 94ஆம் பிரிவின்படி, கார்டோ பின் நம்பரோ தொலைந்தது அல்லது திருடப்பட்டது என்று கடன் கொடுத்தவர் தந்த எண்ணுக்கு அறிவித்த பிறகு நடந்த பாவனைக்கு உங்கள் மேல் பொறுப்புச் சுமத்த முடியாது. உங்கள் கையெழுத்தோ, நீங்கள்தான் அனுமதித்தீர்கள் அல்லது பொறுப்பு என்று காட்டப் போதுமான வேறு சான்றோ அவர்களிடம் இருந்தால் மட்டுமே முடியும். அதே சட்டத்தின் 111ஆம் பிரிவின் கீழ் அந்தப் பதிவை மறுத்து எழுத்தில் கொடுங்கள். அது எப்படி வந்தது என்று அவர்கள் நியாயமான விவரத்தோடு விளக்க வேண்டும் அல்லது தவறு என்று திருத்த வேண்டும். அதுவரை அந்தத் தொகைக்காக உங்கள் மேல் நடவடிக்கை தொடங்க முடியாது. வட்டி கேட்டு வரும் போன்களுக்கும் அதுவே பதில். மீதி 450 உங்கள் சொந்தக் காசு, கடன் சட்டம் அதைத் தொடாது. ஆனால் நிறுத்தச் சொன்ன வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து பிறகும் காசு கொடுத்தால், யார் சொல்லி அந்தக் காசைக் கொடுத்தாய் என்று வங்கியைக் கேட்கலாம்.

8:05க்குப் போன 3,450 கஷ்டமான காசு. அப்போது நீங்கள் அறிவித்திருக்கவில்லை.

நள்ளிரவை ஒட்டி எடுத்த 10,000 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பன்னிரண்டு மணிக்கு எட்டு நிமிடம் முன்னும் நான்கு நிமிடம் பின்னுமாக எடுத்தது தற்செயல் இல்லை; திகதி மாறினால் நாள் வரம்பு புதிதாகத் தொடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இதை வங்கியின் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் பழைய அறிக்கைகளைப் பாருங்கள். பகலில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு எடுப்பவர் என்றால், பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு முறை முழு வரம்பும் போனபோது வங்கியின் கண்காணிப்பு ஏன் தூங்கியது என்று கேட்க இடமிருக்கிறது. நீதிமன்றத்தில் இது எடுபடுமா என்பது எனக்குச் சந்தேகம். வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் காது கொடுத்துக் கேட்பார்கள்.

வேலைக்கு வருவோம். எந்தக் காவல் நிலையத்திலும் முறைப்பாடு கொடுக்கலாம். மால் எங்கள் எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்பினால் கிளம்பாதீர்கள், நிலையப் பொறுப்பதிகாரியைக் கேளுங்கள். சத்தியக் கடதாசியை அங்கேயே இலவசமாக எடுப்பார்கள். நம் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, படிக்கும்போது மனம் குளிரும். ஆனால் கவுண்டரில் இருப்பவர் இங்கிலீஷில்தான் எழுதுவார். மகனையோ மகளையோ கூட்டிப்போய், எழுதியதை வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள். "கார்டைத் தொலைத்துவிட்டார்" என்று அவர் சுருக்கி எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் பிறகு வங்கியின் கடிதத்தில் வந்து நிற்கும். உறையை ஒப்படைக்கும் முன் கார்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு எண்ணை, அதாவது காஸ் நம்பரை, வாங்காமல் வராதீர்கள். திருட்டு, மோசடி, 2020ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டம் என்று எதைப் போடுவது என்பது அவர்கள் பாடு. பின் நம்பரையும் கார்டையும் சட்டவிரோதமாகப் பெறுவதும் பாவிப்பதும் அந்தச் சட்டத்தில் தனிக் குற்றம் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அதே நாளில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு. கேட்க வேண்டியவை: நான்கு பரிவர்த்தனைகளிலும் கார்டு வாசிக்கப்பட்ட விதம், அந்தந்த இடத்தின் விவரம், சனி பின்னேர ஏடிஎம் கேமராப் பதிவு, ஞாயிறு 8:40 அழைப்பின் ஒலிப்பதிவு. கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும், ஆகவே "அழிக்காமல் வையுங்கள்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். வங்கி இழுத்தடித்தால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் தனியார் நிறுவனத்தையும் கட்டும். படிவம் 2ஐ நிரப்பி, உங்கள் உரிமையைக் காக்க இந்தப் பதிவு தேவை என்று காட்டினால் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

வங்கியின் இறுதிப் பதில் திருப்தியில்லை என்றால் ஆம்பட்ஸ்மன். 2024 மார்ச் 1 முதல் வங்கி, காப்புறுதி ஆம்பட்ஸ்மன்களை ஒன்றாக்கி தேசிய நிதி ஆம்பட் அமைப்பு என்று நடத்துகிறார்கள். காசு வாங்க மாட்டார்கள், வக்கீல் தேவையில்லை, நான் உட்பட. அங்கும் முடியாவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம். வரம்பு 20,000 ரேண்ட், உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். அங்கே வங்கியும் வக்கீலைக் கொண்டுவர முடியாது என்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு அது சமமான தரை. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள்; வழக்கு நடக்கும் விஷயத்தை ஆம்பட்ஸ்மன் எடுக்க மாட்டார். இப்படிப்பட்ட கோரிக்கைகள் மூன்று வருடத்தில் காலாவதியாகும், அதையும் மனதில் வையுங்கள்.

புதுக் கார்டு வந்ததும் நாள் வரம்பை ஆப்பில் 1,500க்கு இறக்குங்கள், ஓவர்டிராஃப்ட் வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்து மூடுங்கள். கஞ்சிச் சாமான் வாங்குகிற சூப்பர் மார்க்கெட் கல்லாவிலேயே காசும் எடுக்கலாம், மாலையில் ஏடிஎம்மைத் தேட வேண்டியதில்லை. பெட்ரோல் போடுகிற பையன் ஸ்பீட் பாயின்ட் என்கிற கார்டு மெஷினைக் கார் ஜன்னலுக்குக் கொண்டுவரட்டும், கார்டை அவன் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். ஏடிஎம்மில் பின் அடிக்கும் கையை மறு கையால் மூடுங்கள். ஒட்டுக் கேமராவுக்கும் தோளுக்குப் பின்னால் நிற்பவனுக்கும் அதுதான் தடை. யாராவது உதவ வந்தால் கார்டைப் பிடித்தபடியே விலகி வந்துவிடுங்கள், மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். உங்கள் அடையாள விவரமும் வெளியே போயிருக்குமோ என்று பயமிருந்தால், தெற்கு ஆப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் (SAFPS) உங்கள் பெயரைக் காப்புப் பதிவு செய்யலாம், அதுவும் இலவசம்.

இன்னும் ஒன்று. அடுத்த சில வாரங்களில் "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் 16,650ஐத் திருப்பிப் போடுகிறோம், வந்த ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் மிகவும் அன்பாகக் கூப்பிடலாம். தொகையைச் சரியாகச் சொல்கிறாரே என்று நம்பிவிடாதீர்கள். எடுத்தவர்களுக்கும் தொகை தெரியும். போனை வைத்துவிட்டு, கார்டின் பின்னால் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே அடியுங்கள். புதுக் கார்டின் பின்னால், உறைக்குள் போன கார்டின் பின்னால் இல்லை.