மைனர் லீக் பிட்சர் என்றால் யார், ஏன் இத்தனை வருடம் கீழேயே ஆடுகிறார்?

அமெரிக்க பேஸ்பாலின் உச்சம் மேஜர் லீக். அதன் 30 அணிகளுக்கும் கீழே சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நான்கு படிகளில் துணை அணிகள் உண்டு. அவற்றில் பந்து எறிபவர்தான் மைனர் லீக் பிட்சர்.

வேகமாக எறியும் பையன்கள் நிறையவே கிடைப்பார்கள். வேகப்பந்து போலவே கையிலிருந்து கிளம்பி, மெதுவாக வந்து ஏமாற்றும் 'சேஞ்ச்-அப்'பை நினைத்த இடத்தில் போடத்தான் வருடங்கள் ஆகும். இந்த அணிகளை நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அறுவடை நோக்கமல்ல. அதனால்தான் நன்றாக எறிபவரைக்கூட, கை களைத்துவிடக் கூடாதென்று, பந்துகளை எண்ணி நடுவில் வெளியே எடுப்பார்கள். ஆட்டம் தோற்றாலும் சரி.

முழங்கை நார் கிழிந்தால் 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை, பிறகு ஒரு வருடமாவது ஓய்வும் பயிற்சியும். 2008-ல் மேஜர் லீக் அணியான பிட்ஸ்பர்க் பைரட்ஸ் எடுத்த நம் நாட்டு பிட்சர் ரிங்கு சிங்குக்கும் (கிரிக்கெட் ரிங்கு சிங் அல்ல) அதுதான் நடந்தது. மேஜர் லீக்கை எட்டவில்லை, அப்புறம் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்!

கோப்பை வென்றால் மைனர் லீக் அணி மேஜர் லீக்குக்கு ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அணி அதே படியில்தான் இருக்கும். ஆட்டக்காரரைத்தான் தாய் அணி மேலே கூப்பிடும்.