வெயிலில் வேண்டுதல்: பக்தர்களின் கேள்விகளுக்கு ஒரு செவிலியரின் பதில்கள்

(கடலூர், புதுச்சேரி திருவிழாக்களில் முதலுதவிப் பந்தலில் நிற்கும் செவிலியர் பதில் சொல்கிறார்.)

சிஸ்டர், வேலூரில் 42 டிகிரி, கடலூரில் 36தான். இங்கே பாதயாத்திரை போவது சுலபம்தானே? (திருப்பாதிரிப்புலியூர்)

அப்படி நம்பித்தான் பலர் விழுகிறார்கள். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், சொட்டுகிற வியர்வையால் பயனில்லை. நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். சட்டையைப் பிழியலாம் போல நனைந்திருக்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, மதியவாக்கில் கடல்காற்று உள்ளே வந்தால் தப்பித்தோம். மேற்கே நிலத்திலிருந்து வரும் மேல்காற்று பலமாக அடிக்கும் நாளில் அது தாமதமாகும், அன்றைக்கு இங்கேயும் 40ஐத் தாண்டும். கிளம்புமுன் ஈரப்பதத்தையும் காற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

வில்லியனூர் தேருக்கு என் பையன் வடம் பிடிக்கப் போகிறான். வயசுப் பிள்ளைக்கு என்ன ஆகும்?

வயசுப் பிள்ளைக்கும் ஆகும். வடம் இழுக்கும்போது தசையே சூட்டை உண்டாக்குகிறது, நெரிசலுக்குள் காற்றும் புகாது. விரதம் என்றால் தண்ணீரையாவது விடாமல் குடிக்கட்டும். கொஞ்ச தூரம் இழுத்ததும் வடத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நிழலுக்கு வரச் சொல்லுங்கள்.

வாப்பா ஹஜ்ஜுக்குப் போகிறார். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர். (பரங்கிப்பேட்டை)

மக்காவின் சூடு வேறு மாதிரி. காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும், நீர் போவதே தெரியாது. தாகம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. 2024 ஜூன் 17 அன்று பெரிய பள்ளிவாசலில் 51.8 டிகிரி பதிவானது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு சொன்னது. அவர்களில் பெரும்பாலானோர் அனுமதி இல்லாமல் வந்து, நிழலோ தங்குமிடமோ இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அதனால் முறையான ஏற்பாட்டில் போவது உயிர் காக்கும் விஷயம். இஹ்ராமில், அதாவது ஹஜ்ஜுக்கான புனித நிலையில், ஆண்கள் தொப்பி போடக் கூடாது, குடை பிடிக்கலாம். ஷைத்தானைக் குறிக்கும் தூண்கள்மேல் கல்லெறியும் சடங்கைச் செய்ய முடியாத அளவு வாப்பா தளர்ந்திருந்தால் வேறொருவர் அவருக்காக எறியலாம். அவர் சாப்பிடுவதில் நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகவைப்பது) இருக்கிறதா என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். தானாக நிறுத்த வேண்டாம்.

நீர்மோர் போதுமா?

உப்புப் போட்ட மோர் நல்லது. ஓஆர்எஸ் கலக்கினால் ஒரு லிட்டர் பாக்கெட்டை முழு லிட்டரில் கலக்குங்கள், அரை டம்ளரில் கெட்டியாக அல்ல.

மயங்கி விழுந்தால் சோடா கொடுக்கலாமா?

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தியதும் தெளிந்தால் சாதாரண மயக்கம். உடம்பு கொதிக்க, உளறினாலோ ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). வியர்த்துக்கொண்டிருந்தாலும் சந்தேகம் வேண்டாம். ஒருவர் 108க்குப் போன் போடட்டும், மற்றவர்கள் மேல்துணியைத் தளர்த்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். பாராசிட்டமால் இதற்குக் கேட்காது. வண்டி வந்த பிறகும் நனைப்பதை நிறுத்தாதீர்கள், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஈரத்துணியும் விசிறியும் கூடவே போகட்டும்.