வெயிலில் வாடும் மேப்பிள் போன்சாய்: கேள்வி-பதில்

மேப்பிள் போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மேப்பிள் மரம்) பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான் முடிகின்றன. வெப்பமான ஊர்களில் மருந்துக்கு வேலை வருவது கடைசியில்தான். தொட்டி எவ்வளவு சூடாகிறது, வேர் எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். வேரில் நேர்ந்த கோளாறு இலையில் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் இலை ஓரமெல்லாம் பழுப்பாகக் காய்கிறது. தண்ணீர் போதவில்லையா?

இன்னும் ஊற்றுவதற்கு முன், எந்த இலை கருகுகிறது என்று பாருங்கள். வெயிலும் காற்றும் படும் பக்கத்து இலைகள் மட்டும் கருகி, உள்பக்க இலைகள் நன்றாக இருந்தால் அது வெயில் கருகல். இலையிலிருந்து ஆவியாகும் வேகத்துக்கு வேரால் தண்ணீர் அனுப்ப முடியவில்லை. மரம் முழுக்க எல்லா இலைகளும் ஓரத்தில் ஒரே மாதிரி காய்ந்து, மண்மேலோ தொட்டி விளிம்பிலோ வெள்ளைப் படிவு இருந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது. இலை காயாமல் கறுத்துத் துவண்டு, மண்ணும் ஈரமாகவே இருந்தால் வேர் அழுகல். அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

வெயில் கருகலில் பலரும் கவனிக்காதது தொட்டியின் சூடு. ஆழமில்லாத கருந்தொட்டி சிமெண்டுத் தரையில் வெயிலில் இருந்தால், உள்ளே மண் காற்றைவிட அதிகமாகச் சூடாகிவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு வெப்பமானியை மண்ணில் 3 செ.மீ. ஆழத்துக்குச் செருகிப் பாருங்கள். 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நுண்வேர்கள் திணறத் தொடங்கும். 40 டிகிரியை நெருங்கினால் சாகத் தொடங்கும். நுண்வேர் போன பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இலைக்குப் போய்ச் சேராது.

எனவே தொட்டியைத் தரையிலிருந்து தூக்கி மரப்பலகை மேல் வையுங்கள். காலை வெயில் ஒன்பது, பத்து மணி வரை படட்டும். அதன்பின் 50 விழுக்காடு நிழல்வலை. தொட்டியை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி, நடுவில் ஈர மணலை நிரப்பினால் சூடு நன்றாகக் குறையும். உள்தொட்டியின் துளைகள் அடைபடாமலும் வெளித்தொட்டியில் தண்ணீர் தேங்காமலும் இருக்க வேண்டும். மண்மேல் ஒரு செ.மீ. ஸ்பாக்னம் பாசியை (ஈரத்தைப் பிடித்துவைக்கும் பாசி) பரப்புங்கள். வெப்பக்காற்று வீசும் பக்கம் ஒரு தடுப்பு வேண்டும். வெயிலை ஓரளவு தாங்கும் மேப்பிள்கூட காய்ந்த காற்றைத் தாங்காது.

உப்புதான் காரணமென்றால், தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று, நான்கு மடங்கு நல்ல தண்ணீரை இருபது நிமிட இடைவெளி விட்டுப் பல தவணைகளில் மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். மழைநீர் கிடைத்தால் அதுவே மேல். ஆர்.ஓ. தண்ணீரும் சரி, ஆனால் அதன் கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள். உப்பு முழுவதும் அதில்தான் இருக்கும்.

கருகிய ஓரம் மறுபடி பச்சையாகாது. அதை வைத்து மரம் தேறவில்லை என்று முடிவுகட்டாமல், புதிதாக வரும் இலையைப் பாருங்கள்.

மண் ஈரமாகத்தான் இருக்கிறது, இலை மட்டும் தொங்குகிறது. மண்ணில் புளித்த வாடை வருகிறது.

இது வேர் அழுகல். வெப்பமான ஊரில் மேப்பிள் சாவதற்கு இதுவே முக்கியக் காரணம். பகலில் வாடுவதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவதில்தான் பெரும்பாலான மரங்கள் போகின்றன.

தொட்டியிலிருந்து மண்கட்டியை அப்படியே தூக்கிப் பாருங்கள். நல்ல வேர் உறுதியாக, நுனி வெளுத்து இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று, உள்ளே நூல்போன்ற நடுப்பகுதி மட்டும் மிஞ்சும்.

கெட்டது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவென்றால் கோடையில் வேரை வெட்டாதீர்கள். தொட்டியின் ஒரு பக்கத்துக்குக் கீழே 3 அல்லது 4 செ.மீ. கட்டையைக் கொடுத்துச் சாய்த்து வையுங்கள். அடியில் தேங்கும் ஈரப்பகுதி சிறுத்துவிடும். இந்த எளிய வேலையாலேயே பல மரங்கள் தேறிவிடும். தண்ணீர் விடுமுன் ஒரு மூங்கில் குச்சியை வேர்ப்பகுதி வரை செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். குச்சி கருமையாக ஈரமாக வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.

பாதிக்கு மேல் அழுகியிருந்தால் பருவம் பார்க்காமல் மண் மாற்ற வேண்டியதுதான். மாலையில், நிழலில் செய்யுங்கள்.

பழைய மண்ணைக் குச்சியால் மெல்லக் கிளறி உதிர்த்து, மிச்சத்தைத் தண்ணீரில் அலசுங்கள். 70 விழுக்காடு ஆல்கஹாலில் துடைத்த கத்தரியால், உறுதியான வெளிர் பகுதி தெரியும் வரை வெட்டுங்கள். நல்ல வேரை ஒன்றுகூடத் தொடக் கூடாது. புதுக் கலவை பெரும்பாலும் கல்லாகவே இருக்கட்டும்: பியூமிஸோ (துளைகள் நிறைந்த லேசான எரிமலைக் கல்) வேறு எரிமலைக் கல்லோ 3 முதல் 6 மி.மீ. அளவில், சலித்துத் தூசியை நீக்கியது. உடைத்த செங்கல் பயன்படுத்துவோர் பழைய கட்டடச் செங்கல்லைத் தவிருங்கள். அதில் ஒட்டிய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கும். தென்னைநார்க் கழிவு சேர்ப்பதானால் உப்புப் போக நன்றாக அலசி, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேருங்கள். தொட்டி, மிஞ்சிய வேருக்குத் தக்க அளவில் போதும். பெரிய தொட்டியில் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். மரம் ஆடாமல் வடிகால் துளை வழியாகக் கம்பியால் கட்டுங்கள். ஆடினால் புதுவேர் நுனி அறுந்துகொண்டே இருக்கும்.

இலைகளை முழுக்கப் பறித்துவிடலாமா என்று கேட்பார்கள். காய்ந்ததை மட்டும் எடுங்கள். பச்சை இலைதான் புதுவேருக்கு உணவு அனுப்புகிறது. மிகவும் துவண்டால் ஒவ்வோர் இலையையும் பாதியாக நறுக்கலாம். ஒளி உண்டு, நேர்வெயில் இல்லை என்ற இடத்தில் மூன்று முதல் ஆறு வாரம் வையுங்கள். பிளாஸ்டிக் கூடாரம் போடுவோர் நிழலில் மட்டும் போடுங்கள். வெயிலில் அது மரத்தை அவித்துவிடும்.

பூஞ்சைக்கொல்லி ஊற்றுவதானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஈரமண்ணில் வேரை அழுக்கும் பைட்டோப்தோரா, பித்தியம் என்ற கிருமி வகைகளுக்கு கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி வேலை செய்யாது. மெட்டலாக்சில் அல்லது பாசெட்டில் அலுமினியம் என்ற மருந்துதான் வேண்டும், அதுவும் மண்ணை மாற்றிய பிறகு. தண்ணீர் தேங்கும் பழைய மண்ணில் எதை ஊற்றியும் பயனில்லை.

இலை முழுவதும் கொட்டிவிட்டது. உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நுனிக் கிளையில் பட்டையை நகத்தால் ஒரு மி.மீ. சுரண்டுங்கள். அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்து, பச்சை தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அடிமரம் வரை ஒரு பக்கம் மட்டும் பச்சை இருந்தாலும் காத்திருக்கலாம். காய்ந்த கிளைகளை உடனே வெட்ட வேண்டாம். எந்தக் கணுவில் தளிர் வரும் என்று இப்போதே சொல்ல முடியாது. ஜப்பானிய மேப்பிளில் எட்டுப் பத்து வாரம் கழித்து அடிமரத்திலிருந்து தளிர்ப்பதும் உண்டு. இலையில்லாத மரம் மிகக் குறைவாகவே தண்ணீர் குடிக்கும். அளவைக் குறைக்காவிட்டால் உயிரோடிருந்த வேரும் அழுகிவிடும்.

ஒட்டுக்கட்டிய மரமென்றால், தளிர் ஒட்டுக்கு மேலே வருகிறதா கீழே வருகிறதா என்று பாருங்கள். சிவப்பிலை மரம் திடீரெனப் பச்சையாகத் தளிர்த்தால் பெரும்பாலும் பிழைத்தது ஒட்டுக்குக் கீழே உள்ள அடிக்கட்டை மட்டும்தான்.

மரம் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு கிளை மட்டும் இரண்டே நாளில் வாடிக் காய்ந்துவிட்டது.

முதலில் அந்தக் கிளையில் வடிவம் கொடுக்கச் சுற்றிய கம்பி இறுகியிருக்கிறதா, அடியில் துளையும் மரத்தூளும் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கிளையைக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் பட்டைக்கு உள்ளே கரும்பச்சை அல்லது பழுப்புப் புள்ளிகள் வளையமாக இருந்தால் வெர்ட்டிசிலியம் வாடல் நோய் என்று சந்தேகிக்கலாம். மேப்பிள் இனத்துக்கே பொல்லாத நோய் இது. மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, நீர்க்குழாய்களை அடைக்கும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. நிறம் மாறாத மரம் வரும் வரை வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள். அந்த மண்ணை வேறெந்தத் தொட்டியிலும் போடாதீர்கள். பக்கத்திலிருக்கும் மற்ற மேப்பிள்களைத் தள்ளி வைப்பதும் நல்லது. மரம் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அதிலிருந்து பதியன் எடுக்க வேண்டாம்.

புது இலைகள் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சை. உரம் போட்டும் மாறவில்லை.

இளம் இலையில் இப்படி வந்தால் இரும்புச்சத்துக் குறை. பழைய இலையில் வந்தால் மக்னீசியம். பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். கடின நீரால் மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) ஏறி, வேரால் எடுக்க முடியாமல் போயிருக்கும். மேப்பிளுக்கு 5.5 முதல் 6.5 வரை பிஎச் வேண்டும். கடின நீரில் லிட்டருக்குக் கால் கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, பிஎச் தாளால் சோதித்து 6 முதல் 6.5-க்குக் கொண்டுவாருங்கள். தண்ணீருக்குத் தண்ணீர் அளவு மாறும் என்பதால் சோதிக்காமல் ஊற்றாதீர்கள். உடனடி நிவாரணத்துக்கு இரும்புச் செலேட் (வேர் எடுக்கும் வடிவிலான இரும்புச்சத்து) லிட்டருக்கு அரை கிராம் மண்ணில் ஊற்றலாம். அது ஈடிடிஎச்ஏ வகையாக இருக்கட்டும். மலிவான ஈடிடிஏ வகை காரமண்ணில் சீக்கிரமே பயனற்றுப் போகும்.

இலை மங்கி, தூசி படிந்ததுபோல் இருக்கிறது. பூச்சி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேன். சூடும் வறட்சியும் இருந்தால் ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை பெருகிவிடும். இலையின் அடிப்பக்கத்தில் மூன்று நாளுக்கொரு முறை, நான்கு தடவை, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மி.லி., சில துளி சோப்புக் கரைசலோடு, மாலையில் மட்டும். 30 டிகிரிக்கு மேல் எண்ணெய் பட்டால் மேப்பிள் இலை வெந்துவிடும். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியை அடிக்காதீர்கள், அது பேனைக் கொல்லாது, பெருகவும் விடும்.

தேற்றுவதற்கு என்ன உரம் போடலாம்?

எதுவும் வேண்டாம். புதிய தளிரில் இரண்டு ஜோடி இலை விரிந்து கெட்டியான பிறகு, பாதி அளவில் தொடங்குங்கள்.

மூன்று ஆண்டாக வளர்க்கிறேன். முதல் ஆண்டு அழகாக இருந்தது. இப்போது இலை உதிர்வதுமில்லை, தளிர்ப்பதும் குறைந்துவிட்டது.

நோயில்லாத மேப்பிளும் வெப்பமான ஊரில் இப்படித்தான் மெலியும். அதற்குக் குளிர்கால உறக்கம் கட்டாயம். ஜப்பானிய மேப்பிளுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய 1,000 மணி நேரம், அதாவது ஆறு வாரக் குளிர் தேவை. அது கிடைக்காவிட்டால் மொட்டுகள் ஒழுங்காகத் திறக்காது. சேமிப்பைச் செலவழித்து இரண்டு, மூன்று ஆண்டு ஓட்டிவிட்டுப் பிறகு நின்றுவிடும். குளிரூட்டிய அறை இதற்கு ஈடாகாது: அங்கே குளிரும் போதாது, ஒளியும் போதாது, காற்றும் வறண்டது.

சிறிய மரமென்றால் குளிர்சாதனப் பெட்டியில் உறங்க வைக்கலாம். ஆண்டின் குளிரான மாதங்களுக்கு முன் உரத்தை நிறுத்தி, இரவுக் குளிரில் வெளியே விடுங்கள். இலை பழுத்து மொட்டு கெட்டியானதும் மிச்ச இலைகளைக் காம்பை விட்டுவிட்டு வெட்டுங்கள். மண் லேசான ஈரத்தோடு இருக்கும்போது, துளையிட்ட பையில் போட்டு 3 முதல் 5 டிகிரியில் எட்டு வாரம் வையுங்கள். இலையில்லாததால் ஒளி தேவையில்லை. பழங்கள் அதே பெட்டியில் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். வாரம் ஒருமுறை ஈரமும் பூஞ்சையும் பாருங்கள். வெயில் ஏறும் முன் வெளியே எடுத்து நிழலில் வையுங்கள். முழு இலையோடு தளதளவென்று இருக்கும் மரத்தை நேரே உள்ளே வைத்தால் செத்துவிடும்.

இரவு வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே இறங்காத இடமென்றால், ஜப்பானிய மேப்பிள், அதிலும் சிவப்பிலை, நுண்ணிலை வகைகள் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மூவிலை மேப்பிள் எனப்படும் டிரைடன்ட் வகை வெயிலை இதைவிட நன்றாகத் தாங்கும். அதற்கும் சிறிதாவது குளிர் வேண்டும்.

நீலநிற மேப்பிள் விதை வாங்கினேன், முளைக்கவில்லை.

நீல இலை மேப்பிள் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. படத்தில் நிறத்தை மாற்றி விற்கிறார்கள்.

பிழைத்துவிட்டது. எப்போது மறுபடி கவாத்து, கம்பி?

ஒரு வளர்ச்சிப் பருவம் முழுவதும் தொடாமல் விடுங்கள். கிளை நீண்டு உருவம் கெட்டாலும் பரவாயில்லை, வேர் வலுப்பெறுவது அந்த நீளத்தால்தான். அடுத்த உறக்கம் முடிந்து மொட்டு வீங்கும்போது, மண் மாற்றத் தேவையிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். கவாத்தும் கம்பியும் அதற்கடுத்த பருவத்தில். மேப்பிள் பட்டை மெல்லியது, வேகமாக வளரும்போது சில வாரங்களிலேயே கம்பி பதிந்துவிடும். எனவே வாரம் ஒருமுறை பாருங்கள். எடுக்கும்போது சுற்றிக் கழற்றாமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.