இருபத்து நான்காவது பெண்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இது இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும். என் அக்கா மகளுக்கு 19 வயது. தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே பையன்களோடு சேர்ந்து காற்பந்து ஆடுவாள். மாநில அணிக்கு ஆடினாள். போன வருடம் தேசிய இளையர் பயிற்சி முகாமுக்கு இரண்டு முறை அழைத்தார்கள். இப்போது கோலாலம்பூர் பக்கம் ஒரு கிளப் மகளிர் லீக்கில் ஆடக் கூப்பிடுகிறது. மாதம் ஒரு தொகை தருவார்களாம், தங்க இடமும் உண்டாம். டிப்ளோமா பாதியில் நிற்கிறது. அக்கா வீட்டுக்காரர் பிடிவாதமாக இருக்கிறார். "நாட்டுக்கு ஆடுவதென்றால் அனுப்புகிறேன், அது பெருமை. கிளப்புக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆடுவது கூலி வேலை மாதிரி" என்கிறார். எனக்கும் அதில் ஓரளவு நியாயம் இருப்பதாகப் படுகிறது. நாட்டுக்காக ஒரு பிள்ளை தியாகம் செய்யலாம், காசுக்காக ஏன் அலைய வேண்டும்? கிளப்பில் சேர்ந்துவிட்டால் தேசிய அணி கூப்பிடும்போது விடுவார்களா என்றும் தெரியவில்லை. வெயிலில் கறுத்துப்போகிறாள் என்று அக்கா வேறு புலம்புகிறார். நம் இனப் பிள்ளைகளுக்கு அங்கே எவ்வளவு தூரம் இடம் கிடைக்கும் என்ற பயமும் இருக்கிறது. அவளை அனுப்பலாமா?

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று மாலை இங்கே பினாங்கில், ஜெலுத்தோங்கில் என் பெரியக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். 'கூலி வேலை மாதிரி' என்ற இடம் வந்ததும் கத்தி நின்றது. "கூலி குடுத்திருந்தா நான் இன்னும் பத்து வருசம் ஆடியிருப்பேன்டா" என்றாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

அதனால்தான் இந்தப் பதில். இல்லையென்றால் "அனுப்புங்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கிளப் விடுமா என்று கேட்கிறீர்கள். தேசிய அணிகளின் ஆட்டத்துக்கென்று ஃபிஃபா ஒவ்வோர் ஆண்டும் நாட்களை ஒதுக்குகிறது. அந்த நாட்களில் அழைப்பு வந்தால் கிளப் விட்டே ஆக வேண்டும், அது விதி. அதற்கு வெளியே நடக்கிற முகாம்களுக்கு விடுவதும் விடாததும் கிளப்பின் விருப்பம். அதை ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். வெயிலில் கறுப்பது பற்றி உங்கள் அக்காவுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக் கறுத்த பாட்டிகள்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள். இனம் பற்றிய உங்கள் பயம் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் பந்தைத் தொடும் முன்னாலேயே அதைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். அது பெரிய பேச்சு, இன்னொரு நாள் பேசலாம்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடிதத்தில் இருந்த 'தியாகம்' என்ற சொல்லைப் பார்த்துத்தான். ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் முழங்காலையும் படிப்பையும் சம்பாதிக்க வேண்டிய வருடங்களையும் நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து நாட்டுக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். யார் கொடுத்த உரிமை அது? பையனாக இருந்து ஒரு கிளப் கூப்பிட்டிருந்தால் உங்கள் அக்கா வீட்டுக்காரர் கூலி என்று சொல்லியிருப்பாரா? தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பார். பெண் பிள்ளை ஆடினால் மட்டும் அது சேவையாக இருக்க வேண்டும், சம்பளம் வாங்கினால் மானம் போய்விடும். இந்தக் கணக்கை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். அதனால் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியக்கா 1957இல் பிறந்தவள். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் வந்து, ஒன்றன்பின் ஒன்றாக மின்னணுத் தொழிற்சாலைகள் திறந்தபோது எங்கள் பக்கத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போனார்கள். அவளும் போனாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு ஒட்டுகிற வேலை. மூன்று ஷிஃப்ட். அந்தக் கம்பெனியில் பெண்களுக்கு ஒரு காற்பந்து அணி இருந்தது. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் கலந்து ஆடினார்கள். ரோப் வாக் பழைய சாமான் கடையில் அவள் வாங்கிய பூட்ஸ் ஆண்களுடையது, ஏழாம் நம்பர். முனையில் பழைய துணியைச் சுருட்டி அடைத்து, கயிற்றைப் பாதத்துக்கு அடியில் ஒரு சுற்று சுற்றிக் கட்டுவாள். மழை பெய்த நாளில் பாடாங் பிரவுன் திடலில் ஆடிவிட்டு வந்தால், இரவெல்லாம் உள்ளே செய்தித்தாளைத் திணித்து வைப்பாள், சுருங்காமல் இருக்க. காலையில் அந்தத் தாளை உருவி எடுப்பது என் வேலை. சேற்று வாடை அடிக்கும் அந்த ஈரத்தாள் இன்னும் என் விரலில் இருக்கிறது.

பெண்களுக்கென்று மாநில அளவில் அன்று இருந்த பெரிய போட்டி துன் ஷரிஃபா ரொட்சியா கிண்ணம். துங்கு அப்துல் ரஹ்மானின் துணைவியார் பெயரில் 1976இல் தொடங்கியது. 1979இல் பினாங்கு அணித் தேர்வுக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். மூன்று வாரம் தினமும் மாலைப் பயிற்சி. இரவு ஷிஃப்ட்டுக்கு மாற்றிக் கேட்டாள். மேற்பார்வையாளர் முதல் வாரம் மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது வாரம், "பந்து உனக்குச் சோறு போடுமா?" என்று கேட்டு மறுத்துவிட்டார். சம்பளமில்லாத விடுப்புப் போட்டாள். வீட்டில் அம்மா அந்த மாதம் அரிசிக்கடையில் கடன் சொன்னாள். கடைசியில் பட்டியல் வாசித்தபோது அவள் பெயர் இல்லை. பயிற்சியாளர் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த பெயர் உன்னுடையதுதான், அடுத்த வருசம் வா" என்றாராம்.

அடுத்த வருடம் வரைக்கும் எங்கே ஆடுவது? கம்பெனி அணி வருடத்துக்கு நாலைந்து ஆட்டம் ஆடும். அதையும் அந்த வருடம் கலைத்துவிட்டார்கள். கிண்ணம் என்பது ஒரு போட்டி. அணிகள் கூடும், ஆடும், கலையும். தேர்வானவர்களுக்குக்கூட அது முடிந்தால் அடுத்த கிண்ணம் வரை வீடுதான். தேர்வாகாதவளுக்கு அதுவும் இல்லை. பூட்ஸ் கட்டிலுக்கு அடியில் போனது. செய்தித்தாள் உள்ளேயே இருந்தது, அதை யாரும் உருவவில்லை.

அவள் தலைமுறைப் பெண்கள் சாதாரணமானவர்கள் இல்லை. 1983 ஆசிய மகளிர் போட்டியில் மலேசியா மூன்றாம் இடம். 1995இல் தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டியில் வெள்ளி. உலகக் கிண்ணப் போட்டிக்கு நாம் இதுவரை ஒருமுறைகூடத் தேர்வானதில்லை. ரத்தத்தில் இல்லை, உடம்பில் வலுவில்லை என்றெல்லாம் பேசுவார்கள். வருடம் முழுக்க, வாரம் ஒருமுறை ஆட ஓர் இடம் இருந்ததா என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

தொழிற்சாலை அணி என்றதும் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரம் ஞாபகம் வருகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஓர் அணியாகக் கூடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் என்ன செய்தது தெரியுமா? தன் கீழ் உள்ள கிளப்புகள் எதுவும் பெண்களுக்குத் திடலைக் கொடுக்கக் கூடாது என்றது. அவ்வளவுதான். ஐம்பது ஆண்டுகள் அந்தத் தடை இருந்தது. பெண்கள் ஆடவே கூடாது என்று சட்டம் போடத் தேவையே இருக்கவில்லை. கிளப்பின் கதவைச் சாத்தினால் போதும், ஆட்டம் தானாக வற்றிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே இங்கிலாந்தில் 2011இல் மகளிர் சூப்பர் லீக் தொடங்கி, 2018இல் முழுநேரத் தொழில்முறை லீக்காக மாறியது. 2022இல் அந்தப் பெண்கள் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றார்கள்.

உங்கள் அக்கா வீட்டுக்காரர் சொல்கிற 'நாட்டுக்கு ஆடுகிற பெருமை'க்கு அமெரிக்காவைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. 1999 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்துக்குக் கலிபோர்னியாவில் 90,185 பேர் திரண்டார்கள். அமெரிக்கப் பெண்கள் வென்றார்கள். அந்தப் பெருமையின் சூட்டில் 2001இல் ஒரு தொழில்முறை லீக்கைத் தொடங்கினார்கள். 2003 செப்டம்பரில், அடுத்த உலகக் கிண்ணம் தொடங்க ஐந்தே நாள் இருக்கும்போது, பணம் தீர்ந்து லீக்கை நிறுத்தினார்கள். தேசிய அணிப் பெண்களுக்குக் காற்பந்துச் சங்கத்தின் ஒப்பந்தம் இருந்தது, அவர்கள் உலகக் கிண்ணத்துக்குப் போனார்கள். மற்றவர்கள்? அதே தரத்துக்கு ஒரு விரற்கடை கீழே இருந்த அத்தனை பெண்களும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அடுத்து வந்த லீக்கும் மூன்று பருவங்களில் படுத்துவிட்டது. 2013இல் மூன்றாவது லீக்கைத் தொடங்கியபோது அமெரிக்கா, கனடா, மெக்சிகோ சங்கங்கள் தங்கள் தேசிய அணிப் பெண்களின் சம்பளத்தைத் தாங்களே கொடுத்து அவர்களைக் கிளப்புகளில் ஆட வைத்தன. தேசிய அணி நிற்க வேண்டுமானால் கீழே கிளப் நிற்க வேண்டும் என்பதை இரண்டு முறை விழுந்துதான் கற்றார்கள். அந்த லீக் இன்றும் நடக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான், க. 2023 உலகக் கிண்ணத்தில் ஓர் அணிக்கு 23 பேர். எல்லாரும் அந்த 23 பேரைப் பற்றியே பேசுகிறார்கள். என் மனம் இருபத்து நான்காவது பெண்ணிடம் போய் நிற்கிறது. பட்டியல் வாசித்து முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாளே, அவள். திங்கட்கிழமை அவள் எங்கே போவாள்? கிளப் இருந்தால் திங்கட்கிழமை பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். மூன்று மாதத்தில் யாருக்காவது அடிபட்டால், காலில் ஆட்டத்தோடு தயாராக நிற்பாள். கிளப் இல்லையென்றால் அவள் என் அக்கா. நாளைக்கு உங்கள் அக்கா மகளும் அந்த இடத்தில் நிற்கலாம். முகாமுக்கு இரண்டு முறை அழைத்தார்கள் என்று எழுதினீர்கள். மூன்றாவது முறை அழைக்கவில்லையென்றால்? அப்போது அவளிடம் என்ன மிஞ்சும், ஒரு பயிற்சிச் சட்டையும் இரண்டு போட்டோவும் தவிர?

2023 ஜூலை 25, மதிய நேரம். அக்கா வீட்டில் உலகக் கிண்ண ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பிலிப்பைன்ஸ் முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்கு வந்து, நியூசிலாந்தை அவர்கள் மண்ணிலேயே, வெலிங்டனில், 1-0 என்று வென்ற ஆட்டம். சரினா போல்டன் தலையால் முட்டிய பந்து உள்ளே போனதும் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். முழங்கால் வலி உள்ளவள் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. நம் பக்கத்து நாடு, நாமும் அவர்களும் ஒரே சீ விளையாட்டுப் போட்டியில் ஆடுகிறவர்கள். நான் ஏதோ நாட்டுப்பற்று, உறுதி என்று பேசத் தொடங்கினேன். அவள் என்னைப் பேச விடவில்லை. "அது இருக்கட்டும். அந்தப் பிள்ளை எந்தக் கிளப்புல ஆடுது?" என்றாள்.

தேடிப் பார்த்துச் சொன்னேன். கலிபோர்னியாவில் பிறந்து, அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடி, பின் தைவான், ஜப்பான், ஆஸ்திரேலியா என்று கிளப் கிளப்பாக ஆடியவர். "அதான்" என்றாள். வியட்நாம் வீராங்கனை ஹுயின் ந்யூ 2022இல் போர்ச்சுகல் கிளப்புக்குப் போனவர் என்பதையும் சொன்னேன். தமிழ்நாட்டில் மதுரை சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றதையும், இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் என்பதையும் சொன்னேன். இதைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. "போலீஸ் வேலை இருந்தாத்தான் பந்து ஆட முடியும்னா, வேலை கிடைக்காத பிள்ளைங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

நம் நாட்டிலும் இப்போது தேசிய மகளிர் லீக் நடக்கிறது. சின்ன லீக்தான். அதில் சம்பளம் கொடுத்து ஒரு பெண்ணைக் கூப்பிடுகிற கிளப்பை நான் வணங்குவேன். அந்தச் சம்பளம் கூலி என்றால் கூலியாகவே இருக்கட்டும். உழைத்த உடம்புக்குக் கூலி வாங்குவதில் நம் சனத்துக்கு என்றைக்கும் வெட்கம் இருந்ததில்லை. கூலி கொடுக்காமல் ஏமாற்றியவர்கள்தான் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

நீங்கள் தாய்மாமன். உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, அது தியாகத்தைப் பற்றிப் பேசுவது இல்லை. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். சம்பளம் பன்னிரண்டு மாதத்துக்கா, லீக் நடக்கிற மாதங்களுக்கு மட்டுமா? இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி கட்டுவார்களா? முழங்கால் தசைநார் அறுந்தால் அறுவைச் சிகிச்சைக்கு யார் பணம்? பெண்களுக்கு அந்தக் காயம் ஆண்களைவிட அதிகம் வருகிறது, ஆடாமல் உட்காரவே ஒன்பது மாதம் ஆகலாம். அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? டிப்ளோமாவைத் தள்ளிவைக்க முடியுமா, கோலாலம்பூரில் மாலை வகுப்பாகத் தொடர முடியுமா என்று கல்லூரியில் போய்க் கேளுங்கள். இதையெல்லாம் பத்தொன்பது வயதுப் பிள்ளை கூச்சத்தில் கேட்காது.

பெரியக்கா அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபெரி ஏறி வாருங்கள், இங்கேயே பசியாறலாம். அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள். ஒப்பந்தத் தாளை மறக்க வேண்டாம்.

அன்புடன்.