டேவிஸா, யூ.எஸ்.சி.யா? (கடிதம்)

வணக்கம் சார்,

சன்னிவேலில் இருக்கிறோம். மகன் டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம்) எகனாமிக்ஸ் படித்தான். அப்படி மாறுகிறவர்களுக்கான ட்ரான்ஸ்ஃபர் உத்தரவாதத் திட்டத்தில், அரசுப் பல்கலைக்கழகமான யூ.சி. டேவிஸில் (கலிபோர்னியா பல்கலைக்கழகம், டேவிஸ்) இடம் கிடைத்துவிட்டது. ஜூன் 1க்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த வாரம் தனியார் பல்கலைக்கழகமான யூ.எஸ்.சி.யிலும் (சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) இடம் வந்திருக்கிறது. உதவித்தொகை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வருடத்துக்கு 90,000 டாலருக்கு மேல் ஆகும். டேவிஸ் அதில் ஏறக்குறைய பாதி. கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்கிறார் கணவர். சொந்தக்காரர்களிடம் இரண்டு வருடம் பட்டது போதும் சார், யூ.எஸ்.சி. என்றால் யாரும் கம்யூனிட்டி காலேஜ் பேச்சை எடுக்க மாட்டார்கள். மகன் "எங்கேன்னாலும் சரிம்மா" என்கிறான். உங்கள் மகளும் டி ஆன்சாவில் படித்ததாக எழுதியிருந்தீர்கள். என்ன செய்யலாம்?

ர., சன்னிவேல்

அன்புள்ள ர. அவர்களுக்கு,

சொந்தக்காரர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் நானும் குற்றவாளி. மகள் டி ஆன்சாவில் சேர்ந்த வருடம், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஒருவர் "பொண்ணு எங்கே?" என்றார். "குபர்டினோவில்" என்றேன். டி ஆன்சா இருப்பதும் அந்த ஊரில்தான், ஆனால் அவர் அங்கே இருக்கும் ஆப்பிளில் வேலை என்று நினைத்துக்கொண்டு கை குலுக்கினார். நான் திருத்தவில்லை. திரும்பி வரும்போது காரில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். டி ஆன்சாவில் குவார்ட்டர் முறை, செமஸ்டரைவிடச் சின்னப் பருவங்கள். அங்கே முடித்த 90 யூனிட் (பாடங்களின் அளவை இப்படித்தான் எண்ணுவார்கள்), யூ.எஸ்.சி.யின் செமஸ்டர் கணக்கில் 60. பட்டத்துக்கு 128 வேண்டும். மீதி 68, நான்கு செமஸ்டரில் தலா 17. மூச்சு முட்டும், ஆனால் முடியும். அதுவும் அந்த 60 யூனிட்டும் உருப்படியாகச் செல்லுபடியானால்தான்.

என் மகள் மாறியதும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்குத்தான், யூ.எஸ்.சி. இல்லை. யூனிட் மதிப்பீட்டுத் தாள் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக் கூட்டிப் பார்த்தோம். ஒன்றுகூட விடுபடவில்லை. வீட்டில் பாயசம் வைத்தார்கள். புள்ளியியலுக்கு எதிரே 'எலெக்டிவ்' என்று போட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. யூனிட் ஏறும், மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) ஆகாது என்று அர்த்தம். அதே புள்ளியியலை மறுபடி உட்கார்ந்து படித்தாள். அதை முடித்தால்தான் எடுக்க முடிகிற பாடங்கள் தள்ளிப்போயின. ஐந்தாவது செமஸ்டர் வந்தது. இன்று யூ.எஸ்.சி.யில் ஒரு செமஸ்டர் கல்விக் கட்டணம் மட்டும் 35,000 டாலருக்கு மேல்.

டேவிஸில் இந்த ஆபத்து குறைவு. அங்கேயும் குவார்ட்டர் முறை. டி ஆன்சாவின் எந்தப் பாடத்துக்கு அங்கே எது ஈடு என்று அசிஸ்ட் என்ற இணையதளத்தில் ஒப்பந்தமாகவே போட்டிருக்கிறார்கள். அது முக்கியமாக அரசுப் பல்கலைக்கழகங்களுக்கானது. யூ.எஸ்.சி.யும் வருடம் ஆயிரம் பேருக்கு மேல் ட்ரான்ஸ்ஃபரில் சேர்க்கிற இடம், பழக்கமில்லாதவர்கள் அல்ல. பாடவாரியாக மேஜருக்கு எது ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடன் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. பெற்றோர் பெயரில் புதிதாக எடுக்கும் மத்திய அரசுக் கடனுக்கு 2026 ஜூலை முதல் வருடம் 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு. மேலே போனால் தனியார் கடன்தான். நீங்கள் இன்னும் எச்-1பி வேலை விசாவில் என்றால் அந்த அரசுக் கடனும் கிடையாது. நடுத்தர வருமானக்காரர்களுக்கு மாநிலம் தரும் உதவித்தொகை யூ.சி., சி.எஸ்.யூ. (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) போன்ற அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத்தான், தனியார் பக்கம் வராது.

என்னைக் கேட்டால் டேவிஸ். இரண்டு வருடத்தில் 90,000 டாலர் வித்தியாசம், எகனாமிக்ஸ் பட்டத்துக்கு அது அதிகம். வருமானம் 80,000 டாலருக்குள் இருக்கும் குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்று யூ.எஸ்.சி. 2020ல் அறிவித்தது, அப்படி ஒரு வீட்டிலிருந்து இந்தக் கடிதம் வந்திருந்தால், யோசிக்காமல் போகச் சொல்லியிருப்பேன்.

அப்புறம், "எங்கேன்னாலும் சரிம்மா" என்பதை பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் கடன் பேச்சைக் கேட்ட பிள்ளை வேறென்ன சொல்லும்? அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து இன்னொரு முறை கேளுங்கள். என்ன சொன்னாலும் ஜூன் 1 தாண்டுவதற்குள் டேவிஸ் இடத்தை உறுதி செய்துவிடுங்கள். முன்பணம் திரும்ப வராது, போனால் போகட்டும்.

வீட்டில் பழைய சைக்கிள் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். டேவிஸில் பிள்ளைகளுக்கு அதுதான் வண்டி.