வாசகர் கேள்வி: பசுமை வளையத்துக்குள் என் நிலம்

கேள்வி: நகரத்தின் ஓரத்தில் அப்பா விட்டுப்போன வயல் எனக்கு இருக்கிறது. நகரைச் சுற்றிப் பசுமை வளையம் வரப்போகிறது, அதில் இதுவும் சேரும் என்கிறார்கள். ஊருக்கு நல்லதாம். சரி, எனக்கு?
- ஒரு வாசகி

பதில்: சுயநலமாகக் கேட்டுவிட்டோமோ என்று கூச்சப்படாதீர்கள், சகோதரி. நியாயமான கேள்வி.

பசுமை வளையம் என்றால், நகரம் மேலும் பரவாமல் இருக்க, அதைச் சுற்றிக் கட்டடம் கட்ட விடாமல் வயலாகவும் காடாகவும் வைத்திருக்கும் நிலம். முதலில் அதனால் ஊருக்கு என்ன நன்மை என்று பார்ப்போம். கனமழையில் உங்கள் வயலையும் பக்கத்துத் தார்ச்சாலையையும் கவனியுங்கள். வயலில் தண்ணீர் வரப்புவரை ஏறி நின்று, மெல்ல மண்ணுக்குள் இறங்கும். சாலையில் விழுந்தது உடனே ஓடி, பள்ளத்தில் இருப்பவர் வீட்டு வாசலில் நிற்கும். அதை வெளியேற்ற வடிகால் கட்டி, வருடா வருடம் தூர்வார வேண்டும். அந்தச் செலவை உங்கள் வயல் மிச்சப்படுத்துகிறது. ஆனால் அதற்கு யாரும் உங்களுக்குக் கூலி எழுதுவதில்லை. என் மனதை உறுத்துவது இதுதான்.

தென்கொரியாவின் சோல் நகரைச் சுற்றி 1971-இல் வளையம் போட்டார்கள். உள்ளே சிக்கியவர்களுக்குப் புது வீடு கட்டத் தடை, இருக்கும் வீட்டைப் பெரிதாக்கவும் கெடுபிடி. 1998-இல்தான் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், வளையம் இருக்கலாம், ஆனால் சிலர்மீது மட்டும் அளவுமீறிய சுமையை ஏற்றிவிட்டு ஈடு தராமல் இருப்பது சாசனத்துக்குப் பொருந்தாது என்றது. 27 வருடம்! ஒரு தலைமுறையே காத்திருந்திருக்கிறது.

கனடாவின் ஒட்டாவாவில் அரசே 1958 முதல் நிலங்களை விலைக்கு வாங்கியது, தர மறுத்தவர்களிடம் கையகப்படுத்தியது. வளையத்தின் மொத்தப் பரப்பு சுமார் 20,000 ஹெக்டேர். அங்கே இன்றும் குத்தகைக்கு விவசாயம் நடக்கிறது. அப்புறம் நகரம் வளையத்தைத் தாண்டிக் குதித்து, கனாட்டா, ஒர்லியன்ஸ் என்று வெளியே வளர்ந்தது. சாலை, குழாய், பேருந்து எல்லாமே வளையத்தைக் கடந்து போக வேண்டியதாயிற்று. வாடகைக்காரர்களையும் மறக்கக் கூடாது. கட்ட இடம் குறைந்தால் வீட்டு விலையும் வாடகையும் ஏறத்தானே செய்யும்? லண்டனைச் சுற்றியுள்ள வளையம் அந்த நகரத்தைப்போல மூன்று மடங்கு பெரியது. அங்கே வீட்டு விலை பற்றிப் பேச்சு வந்தால் வளையமும் கூடவே வந்துவிடும்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு அமெரிக்காவின் மேரிலாந்தில், மான்ட்கோமரி மாவட்டத்தில் இருக்கிறது. 1980-இல் சுமார் 93,000 ஏக்கரை விவசாயத்துக்கென்று ஒதுக்கினார்கள். நிலம் உழவரிடமே இருக்கும். அதில் வீடு கட்டும் உரிமையை மட்டும், வேறு இடத்தில் கூடுதலாகக் கட்ட நினைக்கும் நிறுவனங்களுக்கு அவர் விற்கலாம்.

வரைவுத் திட்டம் வெளியானதும் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள், சகோதரி. வளையமே வேண்டாம் என்று எழுதாதீர்கள். நிலத்தை அரசு வாங்குமா, ஈடு தருமா, கட்டும் உரிமையை விற்க விடுமா என்று கேளுங்கள். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.