கல்லூரிச் சங்கப் பொறுப்புகளை சிவியிலிருந்து எப்போது எடுப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பட்டம் முடித்து நாலு வருஷம் ஆகிறது, தமிழ்ச் சங்கச் செயலாளர், எஸ்ஆர்சி (மாணவர் பிரதிநிதிகள் பேரவை) உறுப்பினர், கிரிக்கெட் அணி எல்லாம் இன்னும் சிவியில் (தன்விவரக் குறிப்பில்) கிடக்கின்றன, எப்போது எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வருஷத்தை எண்ணி எடுக்காதீர்கள். ஒரு வரி எதைக் காட்ட அங்கே நிற்கிறதோ, அதையே உங்கள் வேலை காட்டத் தொடங்கியதும் எடுங்கள். உதாரணமாக, சங்கத்தின் பொருளாளராக இருந்தது, பணத்தை நம்பி ஒப்படைக்கலாம் என்பதற்குச் சாட்சி. இப்போது அலுவலகத்தில் மாதாமாதம் வங்கிக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கிறீர்களா? அந்தச் சாட்சி தேவையில்லை. ஆனால் நாலு வருஷமும் தனியாக உட்கார்ந்து புரோகிராம் எழுதிவிட்டு, இப்போது குழுத் தலைவர் வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், ஆட்களை நடத்தியதற்கு உங்களிடம் இருப்பது அந்தச் செயலாளர் வரி மட்டும்தான். அதை எடுத்தால் நஷ்டம் உங்களுக்கு.

“எண்ணிக்கையில் சொல்லுங்கள்” என்று கேட்பவர்கள் உண்டு. பட்டம் முடித்து 2 வருஷம் வரை மூன்று நாலு வரி, 5 வருஷம் வரை ஒரு வரி, அதன்பின் ஒன்றும் வேண்டாம். இது என் கணிப்பு, சட்டமில்லை. பட்டம் கைக்கு வந்த அன்றே பள்ளிக்கூடத்துப் பிரிஃபெக்ட் (மாணவர் தலைவர்) பதவி போய்விட வேண்டும். சிஏ (பட்டயக் கணக்காளர்) ஆகப் போகிறவர்களை நிறுவனங்கள் படிக்கும்போதே தேர்ந்தெடுப்பதால் அப்போது சங்க வேலைக்கு நல்ல மதிப்பு. மூன்று வருஷ ஆர்ட்டிகல்ஸ் பயிற்சி முடிந்தபின் அந்தப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

எடுப்பதிலும் வரிசை உண்டு. வெறும் ‘உறுப்பினர்’ என்பவை முதலில், கருத்தரங்கில் கலந்துகொண்ட சான்றிதழ்கள் அடுத்து, பிறகு விளையாட்டு. தேர்தலில் வென்ற பதவியும் பணம் கையாண்ட பதவியும் கடைசியில். எதையும் அழிக்கும் முன் தனிக் கோப்பு ஒன்றில் பதவி, மாதங்கள், தொகை, உங்களை அறிந்த விரிவுரையாளர் பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு அது திரும்பவும் வேண்டும். 19 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கான மண்டேலா ரோட்ஸ் உதவித்தொகையில் தலைமைப் பண்பு ஒரு முக்கிய அளவுகோல். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவத்தோடு தலைமைப் பண்புக்கும் உதாரணம் கேட்பார்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் தேதியில்தான். படிப்பு முடிந்து வேலை கிடைக்கும் வரை ஆறேழு மாதம் சங்கத்துக்காக உழைத்திருப்பீர்கள். அந்த வரியை எடுத்தால் அங்கே ஓட்டை தெரியும், நேர்காணலில் முதல் கேள்வி அதுவாகத்தான் வரும். அப்படிப்பட்டதை எடுக்காமல், ‘தன்னார்வப் பணி’ என்று அனுபவப் பகுதிக்கு மாற்றி மாதங்களைப் போடுங்கள். லிங்க்டின்னில் உள்ள தேதியும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். காலியான இடத்தை எழுத்தைப் பெரிதாக்கி நிரப்பாதீர்கள். பட்டத்துக்குப் பக்கத்தில் என்கியூஎஃப் (தேசியத் தகுதிக் கட்டமைப்பு) நிலையைப் போடலாம்: இளங்கலை 7, ஆனர்ஸ் 8.

மிஞ்சும் ஒரு வரியாவது உருப்படியாக இருக்கட்டும். ‘சங்கத்தில் ஆர்வத்துடன் பங்கேற்றேன்’ என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. ‘பொருளாளர், பிப்ரவரி முதல் நவம்பர் வரை, 48,000 ராண்ட் வரவு செலவு, 3 நிகழ்ச்சிகள், ஆண்டுக் கணக்கு தணிக்கைக்கு ஒப்படைப்பு’ என்று எழுதுங்கள். தொகை உங்கள் உண்மையான தொகையாக இருக்க வேண்டும், கேட்டால் விளக்கத் தெரிய வேண்டும். எஸ்ஆர்சியில் நின்றது சாஸ்கோ என்ற மாணவர் அமைப்பின் சார்பிலோ வேறு கட்சி அணி சார்பிலோ, அதை விட்டுவிட்டுப் பதவியையும் பொறுப்பையும் மட்டும் போடுங்கள்.

அரசு வேலைக்கு வழி வேறு. ஸெட்83 என்ற அரசு வேலை விண்ணப்பப் படிவத்தை முழுவதும் நிரப்பிக் கையெழுத்திட்டு, விரிவான சிவியோடு அனுப்ப வேண்டும். சான்றொப்பமிட்ட நகல்களைக் குறும்பட்டியலில் வந்தவர்களிடம் மட்டும் கேட்பார்கள். அங்கே சிவி நீண்டால் குற்றமில்லை. ஆனால் சங்கப் பதவியைப் படிவத்தின் வேலை அனுபவக் கட்டத்தில் நுழைக்காதீர்கள். மொழித் திறன் கட்டத்தில் தமிழை எழுத மறக்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு பொறுக்கவில்லை. “‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் ‘கலாசாரச் சங்கம்’ என்று போடு” என்று நம் பிள்ளைகளுக்கு யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இனம், மதம், பண்பாடு, மொழி பார்த்து நியாயமற்ற பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 9-ஆம் பிரிவு விண்ணப்பதாரரையும் அந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவருகிறது. நடைமுறையில் பாகுபாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வரி பழசாகிவிட்டது என்று எடுங்கள், தமிழ் என்பதற்காக எடுக்காதீர்கள்.

நம் கோயில்கள், சபைகள் மீதும் வருத்தம் உண்டு. காவடித் திருவிழாவில் விடியற்காலையிலிருந்து வண்டிகளை ஒழுங்குபடுத்துவதும், முதலுதவிக் கூடாரத்தில் நிற்பதும், வாராவாரம் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும் இளைஞர்கள். கையில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. இது கல்லூரி நடவடிக்கையே இல்லை. இன்றும் தொடர்கிறது என்றால் எத்தனை வருஷமானாலும் சிவியில் இருக்கட்டும். கடிதத்துக்கு நாலு வரி போதும்: பெயர், பொறுப்பு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, செய்த வேலை; கீழே கையெழுத்தும் தொலைபேசி எண்ணும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். நிர்வாகக் குழு மாறிவிட்டால், உங்கள் வேலையைப் பார்த்தவர் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கமாட்டார்.